அப்பாவுக்கு இருந்தால் எனக்கும் வருமா? மரபணு, சூழல், நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்விகள் பலவிதமாக வந்தாலும் அடியில் கிடப்பது ஒரே சந்தேகம்தான்: நோய் பிறவியிலேயே எழுதப்பட்டதா, அல்லது நாமாகத் தேடிக்கொள்வதா? இதில் எனக்கு உறுத்துவது நடுவில் நிற்கும் அந்த 'அல்லது'. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்லோடு நடக்கும் சண்டை.

அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை நோய். எனக்கும் வந்தே தீருமா?

வந்தே தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு கூடுதல், அது உண்மை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஒரே ஒரு மரபணுவில் வரும் கோளாறு அல்ல. நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் கொஞ்சம் கொஞ்சமாக நோயின் பக்கம் தள்ளிவிடுகின்றன. அவற்றில் வலுவான ஒன்று டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவில் இருக்கிறது.

அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 3,234 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் உடல் எடையில் 7 சதவீதம் குறைக்கவும் வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யவும் முயன்றார்கள். இன்னொரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை. மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 2002இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரைக்காரர்களோடு ஒப்பிட்டால் முதல் பிரிவில் புதிதாக நோய் வந்தவர்கள் 58 சதவீதம் குறைவு, மெட்ஃபார்மின் பிரிவில் 31 சதவீதம் குறைவு.

நமக்கு வேண்டிய சேதி 2006இல்தான் வந்தது. அதே ஆட்களிடம் டி.சி.எஃப்.7.எல்.2 மரபணுவைப் பார்த்தார்கள். அதன் ஆபத்தான வடிவத்தை அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வாங்கியவர்கள், வெற்று மாத்திரைப் பிரிவில் மற்றவர்களைவிட வேகமாக நோயாளி ஆகியிருந்தார்கள். உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிய பிரிவிலோ அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. மரபணு இருந்த இடத்தில்தான் இருந்தது.

மரபணு என்பது சரியாக என்ன?

டி.என்.ஏ என்ற நீண்ட இழையில், ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு இருக்கும் பகுதி. நமக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. முழு இழையிலும் சுமார் 300 கோடி எழுத்துகள். எந்த இரண்டு மனிதர்களை எடுத்தாலும் அதில் ஏறக்குறைய 99.9 சதவீதம் ஒன்றேதான்.

கண்ணில் உள்ள செல்லுக்கும் கல்லீரலில் உள்ள செல்லுக்கும் இதே டி.என்.ஏதான். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. திறப்பதிலும் மூடுவதிலும் வெளியுலகுக்கும் கை இருக்கிறது.

சூழல் என்றால் காற்று மாசு, தண்ணீர் மாசுதானே?

அவையும்தான். ஆனால் இந்தத் துறையில் அந்தச் சொல்லின் வயிறு பெரிது. தின்பது, குடிப்பது, புகைப்பது, தூக்கம், வெயில், கிருமி, விழுங்கும் மாத்திரை, மனச்சுமை, கருப்பையில் கழித்த ஒன்பது மாதம் எல்லாமே சூழல்தான். மரபணு வழியாக வராத எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுவார்கள். அதனாலேயே அந்தச் சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பயன்படுத்துவேன்.

சரி, ஒரு நோயில் எத்தனை சதவீதம் மரபணு, எத்தனை சதவீதம் சூழல்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் சொல்ல ஒரு கதை வேண்டும்.

1934, ஆஸ்லோ. மூளை வளர்ச்சி நின்றுபோன இரண்டு குழந்தைகளின் தாய், அஸ்ப்யோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வருகிறார். குழந்தைகளிடம் ஒரு விசித்திரமான வாடை வருகிறது என்பது அவருடைய புகார்களில் ஒன்று. ஃபோலிங் வேதியியலும் படித்தவர். குழந்தையின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சில சொட்டு விடுகிறார். வழக்கமாகப் பழுப்புச் சிவப்பாகவே இருக்க வேண்டிய திரவம் பச்சையாக மாறுகிறது. அப்படி ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் பச்சை நிறத்தைத் துரத்திப் போய்க் கண்டுபிடித்த நோய்தான் பின்னால் பீனைல்கீட்டோனூரியா என்று பெயர் பெற்றது.

நம் உணவில் உள்ள புரதத்தில் ஃபீனைல்அலனின் என்று ஒரு அமினோ அமிலம் உண்டு. அதை உடைக்கும் என்சைமுக்கான மரபணு இந்தக் குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்திருக்கிறது. உடையாத அமிலம் ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. பிறக்கும்போது குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருக்கும்.

1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கலும் அவருடைய சகாக்களும் ஃபீனைல்அலனினை நீக்கிய ஒரு கலவையைத் தயாரித்து, இந்த நோயுள்ள இரண்டு வயதுக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். குழந்தை தேறத் தொடங்கியது. உணவால்தானா என்று உறுதிசெய்ய, தாய்க்கே தெரியாமல் அந்த அமிலத்தைத் திரும்பச் சேர்த்தார்கள். குழந்தை மறுபடி சரிந்தது. இன்று இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடாது, போடவும் கூடாது. ஆனால் விஷயம் நிரூபணமாகிவிட்டது.

அப்புறம் 1960களில் ராபர்ட் கத்ரி எளிய வழி ஒன்றைக் கொண்டுவந்தார். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அதை உறிஞ்சிய வட்டமான காகிதத் துண்டு. பாக்டீரியா வளரவிடாமல் தடுக்கப்பட்ட தட்டில் அந்தத் துண்டை வைப்பார்கள். ரத்தத்தில் ஃபீனைல்அலனின் அதிகமாக இருந்தால் தடையை மீறி, துண்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் படரும். வளையம் தெரிந்த குழந்தைக்கு உடனே தனி உணவு. அந்த உணவோடு வளர்ந்தால் பள்ளிக்கூடம், வேலை, குடும்பம் என்று மற்றவர்களைப் போலவே வாழலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். பழுதான மரபணு இல்லாவிட்டால் நோய் இல்லை, ஆகவே நூறு சதவீதம் மரபணு. உணவில் அந்த அமிலம் இல்லாவிட்டாலும் நோய் இல்லை, ஆகவே நூறு சதவீதம் சூழல். கூட்டினால் இருநூறு வருகிறது. கணக்கில் தப்பில்லை, இரண்டும் பெருக்கிக்கொள்ளும் இடத்தில் கூட்டல் போட்டதுதான் தப்பு.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. இப்படி நன்றாக வளர்ந்த பெண் பெரியவளானதும் உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டுக் கர்ப்பமானால், அவளுடைய ரத்தத்தில் தேங்கும் அமிலம் கருவின் மூளையையும் இதயத்தையும் பாதிக்கும். குழந்தையின் சொந்த மரபணுவில் நோய்க்கான கூட்டு இல்லாவிட்டாலும் பாதிக்கும். தாயின் மரபணு இங்கே குழந்தைக்குச் சூழல்.

'உயரம் 80 சதவீதம் மரபு வழி' என்று படித்தேனே? அது பொய்யா?

பொய் இல்லை. அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் குழப்பம். உங்கள் உயரத்தில் 80 சதவீதத்தை மரபணு கட்டியது, மீதியைச் சாப்பாடு கட்டியது என்று அர்த்தமில்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உயரம் ஏன் வேறுபடுகிறது என்று கேட்டால், அந்த வேறுபாட்டில் 80 சதவீதத்தை மரபணு வேறுபாட்டோடு பொருத்தலாம். அந்தக் கூட்டத்தில், அந்தக் காலத்தில். எல்லாருக்கும் நல்ல உணவு கிடைக்கும் இடத்தில் இந்த எண் ஏறும், பாதிப்பேர் பட்டினி கிடக்கும் இடத்தில் இறங்கும்.

தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியது. ஒரு நூற்றாண்டுக்குள் ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணு அந்த அளவுக்கு மாறாது.

கிட்டப்பார்வை இதைவிட நல்ல உதாரணம், ஏனென்றால் அதில் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெற்றோர் இருவரும் கண்ணாடி போட்டால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. இரட்டையர் ஆய்வுகளிலும் மரபின் பங்கு பெரிதாகத்தான் தெரிகிறது. அதே சமயம், கிழக்காசியாவின் சில நகரங்களில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் 80 முதல் 90 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. அவர்களுடைய தாத்தா பாட்டி காலத்தில் இப்படி இல்லை. சீனாவின் குவாங்ஜோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

ஆகவே 'இது பெரிதும் மரபு வழி' என்று எங்காவது படித்தால், 'மாற்ற முடியாது' என்று மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள்.

குடும்பத்தில் பலருக்கும் வந்தால் அது மரபுதானே?

குடும்பம் மரபணுவை மட்டுமா பகிர்ந்துகொள்கிறது? ஒரே அடுப்பு, ஒரே உப்பு, ஒரே புகை, ஒரே நேரத்துத் தூக்கம். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பதில் நூலை மட்டும் பார்த்துவிட்டுத் தறியை மறந்துவிடுகிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் புலம்பெயர்ந்தவர்களையும் ஆராய்கிறார்கள். மெக்சிகோவின் மலைப்பகுதியில் விவசாயம் செய்யும் பீமா மக்களும் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா மக்களும் நெருங்கிய மரபுறவு உடையவர்கள். 2006இல் வெளிவந்த ஆய்வில் சர்க்கரை நோய் மெக்சிகோவில் 6.9 சதவீதம், அரிசோனாவில் 38 சதவீதம்.

ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருவது எப்படி?

முதல் வகைச் சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்வோம். மரபின் பங்கு நன்றாகத் தெரிந்த நோய் இது. இருந்தும் இரட்டையரில் ஒருவருக்கு வந்த பிறகு மற்றவருக்கு வராமலே போவதும் சகஜம். டி.என்.ஏ ஏறக்குறைய ஒன்றே, வீடும் ஒன்றே.

ஒரு பகுதி, வெளியே தெரியாத சூழல் வேறுபாடு: ஒருவருக்கு மட்டும் வந்த கிருமித்தொற்று, கருப்பையில் கிடைத்த ரத்த ஓட்டத்தில் ஏற்றத்தாழ்வு. இன்னொரு பகுதி வெறும் தற்செயல். எந்த நோய் எதிர்ப்பு செல் எப்போது எதை முட்டியது, செல் பிரியும்போது எந்த எழுத்து பிசகியது என்பதெல்லாம் யாருடைய தவறும் இல்லை. தற்செயல் என்ற இந்த மூன்றாவது ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நோய் வந்தவரைப் பார்த்து 'என்ன செய்தாய்?' என்று விசாரிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

மரபணு மட்டுமே முடிவு செய்யும் நோய் எதுவும் இல்லையா?

கிட்டத்தட்ட அப்படி உண்டு. ஹண்டிங்டன் நோயில் நான்காம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று மீண்டும் மீண்டும் வருகிறது. அது 40 முறை அல்லது அதற்கு மேல் இருந்தால், இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும் எனலாம். 36 முதல் 39 வரை இருந்தால் வரலாம், வராமலும் போகலாம்.

ஆனால் 'இது முழுக்க மரபு' என்று முத்திரை குத்திய சில நோய்கள் வரலாற்றைப் புரட்டினால் வேறு மாதிரி தெரிகின்றன. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிறவியிலேயே மிக உயர்த்தும் ஒரு மரபணு மாற்றம் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் இளம் வயதிலேயே மாரடைப்பு. நெதர்லாந்தில் அப்படி ஒரு குடும்பத்தின் வம்சத்தை இரண்டு நூற்றாண்டு பின்னோக்கித் தேடினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த மாற்றத்தைச் சுமந்தவர்கள் ஊராரைவிடச் சீக்கிரம் இறக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இறப்பு உச்சத்துக்குப் போனது. அதற்கு நடுவில் உணவும் உடல் உழைப்பும் புகைப்பழக்கமும் மாறிவிட்டன.

கெட்ட மரபணுக்கள் ஏன் இன்னும் அழியாமல் இருக்கின்றன?

'கெட்ட' என்பதை யார் முடிவு செய்வது? அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபின் மரபணுவின் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். இரண்டு பிரதியும் அப்படியென்றால் கொடிய நோய். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. 1954இல் ஆந்தனி ஆலிசன் இதை வெளியிட்டார். கொசு இருக்கும் ஊரில் அந்த எழுத்து கவசம். இல்லாத ஊரில் சுமை மட்டும்.

இதே வகையில், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பி.டி என்ற என்சைமின் பிறவிக் குறைபாடு. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இருக்கிறது, பலருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வராது. ஃபாவா பீன்ஸ் சாப்பிட்டாலோ, மலேரியாவுக்கான பிரைமாகுயின் மாத்திரை விழுங்கினாலோ சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். அந்துருண்டை வைத்த பெட்டியிலிருந்து எடுத்த துணியைக் காற்றாட விடாமல் பச்சைக் குழந்தைக்குப் போர்த்துவதுகூட ஆபத்து, அதிலுள்ள நாஃப்தலீன்தான் காரணம்.

என் தாத்தா தினமும் ஒரு பெட்டி சிகரெட் பிடித்து 90 வயது வாழ்ந்தார். அப்புறம் எதற்கு இந்தப் பயமுறுத்தல்?

அவரோடு சேர்ந்து பிடித்தவர்களில் 60 வயதில் போனவர்கள் இப்போது வந்து கதை சொல்ல மாட்டார்கள். பிரிட்டனில் மருத்துவர்களையே 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், புகைத்துக்கொண்டே இருந்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள்.

புகையை எல்லா உடலும் ஒன்றுபோல் தாங்குவதில்லை என்பதும் நிஜம். நுரையீரலைக் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே மிகக் குறைவாக உள்ளவர்கள் புகைத்தால் 30, 40 வயதிலேயே நுரையீரல் சிதைந்து மூச்சுத் திணறும். அதே குறை உள்ளவர்கள் புகைக்காவிட்டால் பலரும் நெடுநாள் வாழ்கிறார்கள். தாத்தாவுக்கு எந்தச் சீட்டு விழுந்தது என்று நமக்குத் தெரியாது. உங்களுக்கு விழுந்தது அதே சீட்டுதானா என்பதும் தெரியாது.

அம்மா கர்ப்பத்தில் பட்ட கஷ்டம் பிள்ளையின் மரபணுவில் பதியுமா?

எழுத்து மாறாது. எழுத்தின் மேல் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி மாறலாம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் மேற்கு நெதர்லாந்தில் பஞ்சம். ஒருவருக்கான உணவு ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே போனது. அப்போது கருவில் இருந்தவர்களிடம் ஐம்பது வயதில் ரத்தச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவாகக் காணப்பட்டது. 2008இல், கரு உருவான சமயத்தில் பஞ்சத்தில் சிக்கியவர்களையும் சிக்காத அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவில் மெத்தில் குறிகள் பஞ்சத்தில் சிக்கியவர்களிடம் குறைவாக இருந்தன, அறுபது ஆண்டு கழித்தும்.

இதுவரை சரி. அந்தக் குறிதான் நோயைக் கொண்டுவந்தது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. 'பாட்டியின் துக்கம் உன் மரபணுவில்' என்ற பாணியில் வரும் வீடியோக்களைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். மனிதர்களில் தலைமுறை தாண்டி இந்தக் குறிகள் போகின்றன என்பதற்கான சான்று மெலிந்தது. இன்னொன்று, இந்தப் பேச்சு எப்போதும் கர்ப்பிணியின் தலையில்தான் விடிகிறது. பஞ்சத்தை உண்டாக்கியது முற்றுகை, தாய்மார்கள் இல்லை.

மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

எதற்காக என்பதைப் பொறுத்தது. நெருங்கிய உறவில் சிறுவயதிலேயே மார்பகப் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. எந்தப் பரிசோதனை பொருந்தும் என்று அவர் சொல்வார். உதாரணமாக, பி.ஆர்.சி.ஏ1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள நூறு பெண்களில் 55 முதல் 72 பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. தெரிந்தால் முன்கூட்டியே ஸ்கேன், தேவைப்பட்டால் அறுவை என்று வழிகள் இருக்கின்றன. இவ்வளவு வலுவான மரபணுவிலும் காலம் விளையாடுகிறது. நியூயார்க்கில் நடந்த ஒரு ஆய்வில், பி.ஆர்.சி.ஏ மாற்றத்தைச் சுமந்த பெண்களில் 1940க்கு முன் பிறந்தவர்களுக்கு 50 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 24 சதவீதம், பின் பிறந்தவர்களுக்கு 67 சதவீதம்.

மருந்து கொடுக்கும் முன் பார்க்கும் சோதனையும் உருப்படியானது. எச்.எல்.ஏ-பி என்ற மரபணுவின் 15:02 என்ற வடிவம் உள்ளவர், வலிப்புக்கான கார்பமஸெபின் மாத்திரையைச் சாப்பிட்டால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் வாய்ப்பு பல மடங்கு. தென்கிழக்காசியாவில் இந்த வடிவம் பரவலாக உண்டு.

எச்சிலை அனுப்பினால் நூறு நோய்க்கு மதிப்பெண் தருகிறோம் என்கிற சோதனைகள் வேறு ரகம். பல சின்ன வேறுபாடுகளைக் கூட்டிப் போடும் மதிப்பெண் அது. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவை வைத்துக் கட்டியது, மற்றவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மதிப்பெண்ணைக் கேட்டவுடன் ஆட்கள் சிகரெட்டை விட்டார்களா, நடக்கத் தொடங்கினார்களா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் இல்லை.

அப்படியானால் மருத்துவரிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?

செலவில்லாத மரபுப் பரிசோதனை ஒன்று உண்டு: குடும்பக் கதை. ஒரு தாளை எடுத்து ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் போடுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், அப்புறம் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி. நோயின் பெயரைவிட, அது எந்த வயதில் வந்தது என்பது முக்கியம். 'அப்பாவுக்கு மாரடைப்பு' என்று மட்டும் எழுதினால் பாதித் தகவல்தான். 'மாரடைப்பு, 81 வயது' என்றால் மருத்துவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். 'மாரடைப்பு, 48 வயது, சிகரெட் கிடையாது' என்றால் பேனாவை எடுப்பார். ஆணுக்கு 55க்கு முன்னும் பெண்ணுக்கு 65க்கு முன்னும் வந்திருந்தால் அதைச் சீக்கிரம் வந்ததாகக் கணக்கில் எடுப்பார்கள். சிகரெட், எடை, பார்த்த வேலை ஆகியவற்றையும் அந்தச் சதுரத்துக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். வயது சரியாகத் தெரியாத உறவினரைப் பற்றி வீட்டில் மூத்தவர் யாரையாவது கேளுங்கள், அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே.